நான் நடிக்கக் கணவரின் கையெழுத்து வேண்டுமா?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பாடசாலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 39. மாகாணப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறார், 11 வருடச் சேவை. எட்டாம் வகுப்பில் கோயில் திருவிழா மேடையில் சந்திரமதியாக நின்ற நாளிலிருந்து மேடையை விட்டதில்லை. கலியாணமாகி 12 வருடம். எட்டு வயதில் ஒரு மகள். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. மாமியும் இவர்களோடுதான் இருக்கிறார்.

இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன், யாழ்ப்பாணத்திலேயே எடுத்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தார். நாளுக்கு 6,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. 26 நாள் நடித்தார். வர வேண்டியது 156,000; கைக்கு வந்தது 40,000. மிச்சம் 116,000 ரூபாயைக் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாதம் தாறம் அக்கா" என்று ஒரு குரல் பதிவு வரும், அவ்வளவுதான். அந்தப் படப்பிடிப்பு நாட்களில் தயாரிப்புப் பக்கத்து ஒருவர் இரவு 11 மணிக்குப் பிறகு செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறார். "தனியா ஒருக்கா சந்திச்சால் உங்கட பாத்திரத்தைப் பெரிசாக்கலாம்" என்பது அவற்றில் ஒன்று. அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

இப்போது கொழும்பில் வேறொரு நிறுவனம் ஒரு நீண்ட தொடரில் முக்கிய வேடம் தருகிறது. 120 பாகம், இரண்டு வருடம், மாதத்தில் 12 நாள் படப்பிடிப்பு, பாகத்துக்கு 9,000 ரூபாய். ஆங்கிலத்தில் ஏழு பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. கணவர் மறுக்கிறார். "தேசவழமைப்படி என்ர கையெழுத்து இல்லாமல் நீர் ஒண்டிலையும் சைன் வைக்கேலாது" என்பது அவர் வாதம். (தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய வழமைச் சட்டம்.) "நல்ல குடும்பத்துப் பிள்ளையள் நடிக்கப் போறேல்லை" என்கிறார் மாமி. கோபத்தில் ஒரு நாள் கணவர், "கோட்டுக்குப் போனால் நடிகைக்குப் பிள்ளையைக் குடுக்க மாட்டினம்" என்றும் சொல்லிவிட்டார்.

கையெழுத்திடலாமா, வேலையை இராஜினாமா செய்யத்தான் வேண்டுமா, பழைய காசு போனது போனதுதானா என்று கேட்கிறார். "அரசியலமைப்பிலேயே தொழில் செய்யும் உரிமை இருக்கிறது, இவரால் என்னைத் தடுக்க முடியாதுதானே?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தரம் சட்டத்தரணியாக வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது என் சித்தி நினைவுக்கு வந்துவிட்டார். சித்தி 1970களின் கடைசியில் ஒரே ஒரு நாடகத்தில் நடித்தவர். கலியாணம் பேசி வந்த இடத்தில் அதை ஒரு குறையாகச் சொன்னார்கள், அதோடு நின்றுபோனது. அவர் செத்த பிறகு அலுமாரியை ஒதுக்கும்போது, சேலைகளுக்கு அடியில் ஒரு ஒற்றை றூள் கொப்பி கிடந்தது. அவருடைய வசனங்கள் மட்டும், நீல மையில். பக்கத்தில் பென்சிலால் "மூச்சு", "நில்", "இடப்பக்கம் பார்" என்று குறிப்புகள். அந்தக் கொப்பி இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. நீங்கள் தொடர்ந்து நடிக்க வேண்டும் என்பதே என் விருப்பம், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஒப்பந்தத்தில், இன்று இருக்கிறபடி, கையெழுத்திட வேண்டாம். உங்கள் நடிப்பை அழிக்கக்கூடியது கணவரின் கோபத்தைவிட அந்த ஏழு பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

தேசவழமை உண்மையில் என்ன சொல்கிறது

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ நன்கொடை கொடுக்கவோ போனால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனமாகத் தாய் தந்த காணி என்றாலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. நொத்தாரிசின் கந்தோரில் மனைவிக்குப் பக்கத்தில் கணவரும் அடையாள அட்டையோடு வந்து குந்தியிருப்பது இதற்காகத்தான்.

அதே சட்டம், அசையும் சொத்தை மனைவி கணவரைக் கேளாமலே கையாளலாம் என்றும் சொல்கிறது. காணி விஷயத்தில்கூட, கணவர் நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். மனைவி வேலைக்குப் போகக் கணவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. நீங்கள் கலியாணத்துக்குப் பிறகுதானே ஆசிரிய நியமனம் பெற்றீர்கள்? அந்தக் கடிதத்தை ஏற்றபோது யாராவது உங்கள் கணவரிடம் கையெழுத்துக் கேட்டார்களா? நடிப்பும் அதே மாதிரி உங்கள் உழைப்புத்தான்.

இரண்டு விஷயத்தை மட்டும் கவனத்தில் வையுங்கள். நடித்த காசில் ஒரு துண்டுக் காணி வாங்கினால் அது உங்கள் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. அதைப் பிறகு விற்க மேலே சொன்ன சம்மதம் தேவைப்படும். நீங்கள் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அதில் பாதி கணவருக்குப் போகும், மற்றப் பாதி உங்கள் வாரிசுக்கு. அடுத்தது, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தனியாக வழக்குப் போடலாமா, கணவரையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டுமா என்பது நீதிமன்றங்களில் முன்பே வாதாடப்பட்ட கேள்வி. பழைய காசுக்காக நீதிமன்றம் போவதானால் உங்கள் சட்டத்தரணியிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.

அரசியலமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 14ஆம் உறுப்புரை சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் செய்யும் சுதந்திரத்தைத் தருவது உண்மை. ஆனால் அடிப்படை உரிமை அரசின் நிர்வாகத்துக்கு எதிராகத்தான் வேலை செய்யும், கணவருக்கு எதிராக அல்ல. கல்வித் திணைக்களம் காரணமே இல்லாமல் உங்களை மட்டும் மறித்தால் அந்த உறுப்புரையோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். வீட்டு விறாந்தையில் அதைத் தூக்கிக் காட்டினால் சண்டை பெரிதாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். ஒத்திகை முடிந்து இரவு 10 மணி பஸ்ஸில் வந்து இறங்கினால், ஒழுங்கை முகப்பில் டோர்ச்சோடு கணவர் நிற்பார் என்று. ஐந்து வருடம் அப்படி நின்றிருக்கிறார். அந்தத் தொலைக்காட்சி நாடகத்தில் வேறொருவர் உங்கள் கையைப் பிடிக்கும் காட்சியைக் கந்தோரில் யாரோ போனில் போட்டுக் காட்டிச் சிரித்த நாளிலிருந்துதான் நிற்பதை விட்டாராம். தங்கச்சி, டோர்ச்சோடு நின்ற மனிதனுக்குத் தேசவழமை அன்று ஞாபகம் வரவில்லை. அவர் வெட்கப்பட்டிருக்கிறார், பயந்திருக்கிறார், அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை ஒரு நாள் அவர் முன்னால் விரித்து வைத்து, வரிவரியாகச் சேர்ந்து வாசியுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பாதி, நிறுவனத்திடம் நீங்களும் கேட்க வேண்டிய கேள்விகளாகத்தான் இருக்கும்.

பிள்ளை விஷயம். எந்த நீதிமன்றமும் தாயின் தொழிற்பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பதோ மறுப்பதோ இல்லை. பிள்ளையின் நலன்தான் முதல். காலையில் யார் எழுப்புகிறார்கள், பள்ளிக்கு யார் கூட்டிப் போகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான் கேட்பார்கள். ஆகவே அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மாதத்தில் 12 நாள் நீங்கள் கொழும்பில் நிற்கும்போது மகள் யாரோடு, எப்படி என்பதற்கு ஒரு தெளிவான ஏற்பாடு வேண்டும். நீதிமன்றத்துக்காக இல்லாவிட்டாலும் மகளுக்காக.

அந்த ஏழு பக்கம்

இதைத்தான் ஆறுதலாக எழுத விரும்புகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. 120 பாகம், பாகத்துக்கு 9,000 என்றால் மொத்தம் 10 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 45,000. உங்கள் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12ஆம் பிரிவில், நீங்கள் இடையில் விலகினால் 15 இலட்சம் இழப்பீடு என்று இருக்கிறது. முழுத் தொடரையும் நடித்து முடித்தால் கிடைப்பதைவிட, நடுவில் வெளியேறினால் கட்ட வேண்டியது கூட! மிரட்டுவதற்காகப் போட்ட தண்டத் தொகையை நமது நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வாங்கித் தருவதில்லை, உண்மையான இழப்பு எவ்வளவு என்று பார்க்கும். ஆனால் அதைச் சொல்ல வைப்பதற்குள் உங்களுக்கு வருடங்கள் போய்விடும். கையெழுத்துக்கு முன் வெட்டுவது ஒரு நிமிட வேலை. விலகுவதற்கு 60 நாள் அறிவித்தல், அதுவரை எடுத்த காட்சிகளை முடித்துத் தருதல் என்று மாற்றச் சொல்லுங்கள்.

நீங்கள் போனில் படம் எடுத்து அனுப்பியதில், 4ஆம் பக்கத்தின் கீழ் மூலையில் உங்கள் பெருவிரல் விழுந்திருக்கிறது. விரலுக்கு மேலே பாதி வரி தெரிகிறது: ஊதியம் "ஒளிபரப்பாகி 90 நாட்களுக்குள்" வழங்கப்படும். நடித்து முடித்த பிறகு அல்ல, ஒளிபரப்பான பிறகு. ஒளிபரப்பாகாமலே போனால்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய நாடகத்தில் அடிபட்ட நீங்கள் இந்த வரியைத்தான் முதலில் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டப் படப்பிடிப்பும் முடிந்து 14 நாளுக்குள் வங்கிக் கணக்கில் காசு, தொடங்குமுன் ஒரு முற்பணம், போக்குவரத்தும் தங்குமிடமும் நிறுவனத்தின் செலவு என்று எழுதுவியுங்கள். 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே முகத்துக்குப் பூசிக்கொண்டு நிற்கச் சொன்னால், அந்த முகத்தில் நடிப்பு வராது. ஓய்வு நேரத்தையும் எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

மறுஒளிபரப்புக்கு ஒவ்வொரு முறையும் சட்டப்படி பங்கு வரும் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடிப்பவருக்கும் உரிமை தருகிறது, 50 வருடத்துக்கு. மேடையில் நீங்கள் நடிப்பதை உங்களைக் கேளாமல் யாரும் பதிவு செய்யக்கூடாது. ஆனால் காணொளியாகப் பதிவு செய்ய நீங்களே சம்மதித்த பிறகு, அந்தப் பதிவைப் பொறுத்தவரை அந்த உரிமை நின்றுவிடுகிறது. பிறகு அவர்கள் நூறு தரம் போட்டாலும் சட்டம் உங்களுக்குத் தானாகக் காசு வாங்கித் தராது. வேண்டியதை ஒப்பந்தத்தில்தான் பேசி வாங்க வேண்டும். மறுஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் வெளிநாட்டு விற்பனைக்கும் ஒரு விகிதம் கேளுங்கள். மறுத்தால், அதையும் சேர்த்துப் பாகத்துக்கான தொகையைக் கூட்டச் சொல்லுங்கள்.

7ஆம் பிரிவை வாசித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டு வருடமும் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் "எந்த மேடையிலும் ஊடகத்திலும்" தோன்றக்கூடாதாம். அப்படியென்றால் தமிழ்த்தின விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, நீங்களே ஒரு வேடம் கட்டி ஏறினாலும் ஒப்பந்த மீறல். சந்திரமதியாக நின்ற அதே கோயில் வீதியில் திரும்ப நின்றாலும் மீறல். வேறு தொலைக்காட்சித் தொடரில் நடிக்கக் கூடாது என்று அவர்கள் கேட்பது நியாயம், பார்ப்பவர் குழம்பிப் போவார். மேடை, பாடசாலை, வானொலி மூன்றையும் வெளியே எடுக்காமல் இதில் கையெழுத்திட வேண்டாம்.

குரலுக்கும் அதே கதைதான். தேவைப்பட்டால் வேறொருவர் குரல் சேர்க்கலாம், உங்கள் உருவத்தையும் குரலையும் கணினியில் மீள உருவாக்கி எந்தக் காலத்திலும் பாவிக்கலாம் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாவதை முற்றாக வெட்டுங்கள், இந்தத் தொடருக்கு வெளியே உங்கள் முகத்தை நீங்கள் இல்லாமல் நடிக்க வைக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. முதலாவதையும் பேசிப் பாருங்கள். "எங்கட தமிழ் மற்ற இடத்தாருக்கு விளங்காது" என்று சொல்லிச் சொல்லியே நம் நடிகர்களின் வாயிலிருந்து நம் பேச்சை எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணாக வரும் பாத்திரம் யாழ்ப்பாணத்துக் குரலில் பேசட்டும்.

எந்த மாதிரிக் காட்சிகளில் நடிக்க மாட்டீர்கள் என்பதை ஓர் இணைப்புத் தாளில் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். இது பெரிய நடிகைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். படப்பிடிப்புத் தளத்தில் 30 பேர் காத்து நிற்க, வெளிச்சம் போய்க்கொண்டிருக்க, ஒரு புதுக் காட்சியை நீட்டினால் தனியாக நின்று "மாட்டன்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். தாள் இருந்தால் அது உங்களுக்காகச் சொல்லும். உங்கள் கணவருக்கும் அந்தத் தாள்தான் மற்ற எதையும்விட ஆறுதல் தரும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பிணக்கு வந்தால் கொழும்பில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரை வைத்துத் தீர்ப்பது, என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் கையெழுத்திட்டால் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும், மறுதரப்பு எதிர்த்தால் 1995ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டப்படி நீதிமன்றம் வழக்கை எடுக்காது. நடுத்தீர்ப்பாளருக்குக் காசு கட்ட வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் கொழும்பு போக வேண்டும். அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம் என்று போடச் சொல்லுங்கள். "எனக்கு இங்கிலிஷ் விளங்கேல்லை" என்று பிறகு சொல்வதும் அனேகமாக எடுபடாது. தமிழ்ப் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

ஆசிரிய வேலை

இராஜினாமா செய்யாதீர்கள். 11 வருடச் சேவையின் ஓய்வூதிய உரிமையை 10 இலட்சத்துக்கு விற்கிற மாதிரி அது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நடிக்கவும் முடியாது. அரச ஊழியர் வெளியே ஊதியத்துக்கு வேலை செய்வதானால் தாபன விதிக்கோவைப்படி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதிபர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக எழுத்தில் விண்ணப்பியுங்கள். நீங்கள் படிப்பிக்கும் பாடமே நாடகம் என்பதையும், தொழில்முறை அனுபவம் வகுப்பறைக்கு எப்படிப் பயன்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். பாடசாலை நடக்கும் மாதத்தில் 12 நாள் வெளியே நின்றுகொண்டு உயர்தர வகுப்பை ஒழுங்காக நடத்த முடியாது. உங்கள் மாணவருக்கு அது நியாயமும் இல்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளிலும் சனி ஞாயிறுகளிலும் படப்பிடிப்பைக் குவிக்க நிறுவனம் சம்மதிக்குமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா என்று வலயத்தில் விசாரியுங்கள். இரண்டுமே சரிவராவிட்டால் இந்தத் தொடரை விடுவதுதான் என் ஆலோசனை. முக்கிய வேடத்தை விட்டு, 15 பாகத்தில் வந்து போகும் பாத்திரம் ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி.

பழைய காசும் அந்தச் செய்திகளும்

எழுத்தில் இல்லாததால் காசு போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். தவறு. வாய்மூல ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் எழுத்தில் இருந்தால் வழக்குப் போட 6 வருடம் இருக்கும், வாய்மூலம் என்றால் 3 வருடம்தான். உங்களுக்கு 26 மாதம் போய்விட்டது. அந்தக் கணக்கில் 10 மாதம்தான் மிச்சம். செய்த வேலைக்கான கூலி என்று பார்த்தால் இதைவிடக் குறைந்த காலம் பொருந்துமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் உடனே கேளுங்கள். அந்த "அடுத்த மாதம்" என்ற குரல் பதிவுகள் உங்களைத் தாலாட்டித் தூங்க வைக்கின்றன, காலமும் போகிறது.

ஆனால் அதே பதிவுகள்தான் உங்கள் நல்ல சாட்சியும். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தியை ஒதுக்கிவிட முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் இன்றே மின்னஞ்சலுக்கு அனுப்பிச் சேமியுங்கள். 40,000 வந்த வங்கிக் கூற்றை எடுங்கள். உடை மாறாமல் இருக்க ஒவ்வொரு நாளும் எடுத்த படங்கள் போனில் இருக்கும், அவற்றின் திகதிகளே 26 நாளையும் எண்ணிக் காட்டும். அப்புறம் ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், 14 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபை. இந்த அளவுத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது. சபையில் இணக்கம் வராமல் சான்றிதழ் தந்த பிறகே நீதிமன்றம். கட்டணம் கொடுக்க வசதி போதாதென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

இரவுச் செய்திகளைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருந்தீர்கள், அதிலும் இரண்டு வரி உங்களையே குறை சொல்லி. "நான் சிரிச்சுக் கதைச்சது பிழையோ" என்று. பிழையே இல்லை. வேடத்தைக் காட்டி அப்படிக் கூப்பிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு. 5 வருடம் வரை சிறை விதிக்கலாம். அழித்துவிட்டதால் முடிந்துவிட்டது என்றும் இல்லை. பழைய காப்புப் பிரதியில் இருக்கலாம், அந்த நாட்களில் வேறு யாருக்காவது காட்டியிருக்கலாம், எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் வாக்குமூலமே சாட்சி. இத்தனை பேர் சாட்சி சொன்னால்தான் நம்புவோம் என்று நமது சட்டத்தில் இல்லை. காலமும் போகவில்லை, இந்த மாதிரிக் குற்றத்துக்கு 20 வருடம் இருக்கிறது. முறைப்பாடு செய்வதும் விடுவதும் உங்கள் முடிவு. யாரும் உந்தக்கூடாது, நானும் உந்தவில்லை. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் பேசலாம், அதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தால் 1938 பெண்களுக்கான உதவி எண். இன்று செய்யக்கூடியது ஒன்று: நினைவில் இருப்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மாமிக்கு

மாமியோடு வாதாடச் சொல்ல மாட்டேன். ஆனால் "எங்கட பண்பாடு" என்று அவர் சொல்வதை நீங்கள் மனதுக்குள் நம்பிவிடக் கூடாது. சின்ன வயதில் மாரியம்மன் கோயிலடியில் காத்தவராயன் கூத்துப் பார்க்கப் போன இரவு எனக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு மாமா கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மீசையை வழித்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலத்தில் அவர் கதையின் நாயகி ஆரியமாலையாக வந்து நின்றார், ஊர்ப் பெண்கள் அழுதார்கள். நம் ஊர் இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனுக்கு முன்னால் அழுத சந்திரமதியும் ஓர் ஆண்தான். அவர்களை இந்த ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. பெண்ணின் துக்கம் மேடையில் வேண்டும், பெண் மட்டும் வரக்கூடாது என்றால் அதில் பண்பாடு எங்கே இருக்கிறது?

அதுவும் பழைய கதை. 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் இங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம் என்ற நாடகக் குழுவில் நடிகை ஆனந்தராணி பாலேந்திரா கணவரோடு சேர்ந்து நாடகம் செய்தார். பிறகு இலண்டனுக்குப் போய் அங்கேயும் தொடர்ந்தார்கள். இன்று நாடகம் உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பாடம், பல்கலைக்கழகத்தில் பட்டம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் வேலை எடுக்கிறார்கள். அவர்களைப் படிப்பிப்பதே மாமியின் மருமகள்தான். உங்கள் மேடை நாடகம் ஒன்றுக்கு மாமியை முன்வரிசையில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எங்கும் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்று நிறுவனம் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். "சட்டத்தரணி வாசித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு வாரம் வேண்டும்" என்று இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். உண்மையிலேயே உங்களை வேண்டுகிறவர்கள் இரண்டு வாரம் பொறுப்பார்கள். இன்னொன்று: எனக்கு வந்தது ஆறு பக்கம்தான். 4க்குப் பிறகு 6 வருகிறது. 5ஆம் பக்கம் உங்களுக்கே வரவில்லையா, படம் எடுக்க மறந்தீர்களா என்று பாருங்கள். அதையும், விரல் படாத 4ஆம் பக்கத்தையும் அனுப்பி வையுங்கள்.